ஓரத்தில் தெரிந்தால் அமுக்க வேண்டும்

உருளைக்கிழங்கு விலை இரண்டு மடங்காக ஏறி, பிறகு மனம் மாறி இறங்கிய வருடத்தில், நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் இடது பக்கத்தில் இருந்தவை ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முதலில் மறைந்தது அவர் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி. உடையவில்லை, களவு போகவில்லை. தடவினால் கைக்குச் சில்லென்று பட்டது. கண்ணுக்குத்தான் இல்லை, அவர் கண்ணுக்கு மட்டுமல்ல, யார் கண்ணுக்கும் இல்லை. பணிமனையில் புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்கள். அதுவும் கொஞ்ச நாளில் அதே வழியில் போனது. இந்தக் கம்பெனிச் சரக்கே இப்படித்தான் என்று மெக்கானிக் சொல்லி அதோடு விட்டுவிட்டார். பிறகு ஓட்டுநரின் வீட்டில், கதவுக்கு இடது பக்கம் ஆணியில் தொங்கிய குடை போனது. அதற்கு அடுத்தாற்போல் சுவர்க் கடிகாரம் போனது. அதன் ஓசை மட்டும் கொஞ்ச காலம் சுவரில் தங்கியிருந்தது. அந்தத் தெருவில் அப்போது குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத காலம். ஒரு குடைக்கும் கடிகாரத்துக்கும் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

எது மறையும், எது மறையாது என்பதில் ஒரு நியாயம் இருந்தது. சாலையில் அவருடைய இடது பக்கமாகக் கடந்து போன ஆயிரம் பேரில் ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. கடைகள், மரங்கள், சைக்கிள்காரர்கள் எல்லாம் இருந்தபடியே இருந்தார்கள். அங்கேதான் இருக்கிறது என்று நம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் ஓரக்கண்ணில் வைத்திருந்தவை மட்டுமே போயின. நடுக்கண்ணில் வைத்துப் பார்ப்பது வேறு, பிள்ளைகளே, ஓரக்கண்ணில் வைத்துக்கொள்வது வேறு. நடுவில் வைப்பது வேலை. ஓரத்தில் வைப்பது சொந்தம். இந்த நியாயம் பின்னால்தான் விளங்கியது. விளங்க வேண்டிய நேரத்தில் விளங்கியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. பணிமனை டாக்டர் முதலில் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். நம் ஓட்டுநர் கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படித்துவிடுவார். நடுப்பார்வை அவருக்குக் கழுகுப் பார்வை. அதற்கப்புறம் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்காருவார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொல்லி, தானும் அதற்கு நேர் எதிரான கண்ணை மூடிக்கொள்வார். என் மூக்கையே பாருங்க, கண்ணை அசைக்கக் கூடாது என்பார். பிறகு தன் கையை வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து, விரல் தெரிகிறதா, எத்தனை விரல் என்று கேட்பார். டாக்டருக்குத் தெரிகிற இடத்தில் எதிரே இருப்பவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சோதனை. டாக்டர் நல்ல மனிதர். ஆனால் பழக்கத்துக்கு அடிமை. இடது பக்கம் எப்போதும் இரண்டு விரல், வலது பக்கம் ஒன்று, மேலே ஐந்து, கீழே மறுபடியும் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த வருடமே இந்த வரிசை எல்லா ஓட்டுநர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும், எந்த நிறுத்தத்துக்கு அடுத்து எந்த நிறுத்தம் என்பது போல. போதாததற்கு டாக்டரின் கடிகாரப் பட்டை கொஞ்சம் தளர்வு; கை எந்தப் பக்கம் வருகிறது என்று அதுவே சலசலத்துச் சொல்லிவிடும்.

அந்த வருடம் இடது பக்கம் விரல் எதுவுமே தெரியாமல் ஓட்டுநர் எல்லா விரலையும் சரியாகச் சொன்னார். கூட வந்திருந்த கண்டக்டர் வெளியே வந்ததும் சிரித்தார்.

“அண்ணே, டாக்டர் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே ரெண்டுன்னு சொல்றியே. கொஞ்சமாவது யோசிக்கற மாதிரி நடி.”

“நீ வாயை மூடு. எல்லாரும் சொல்றதுதான்.”

“எல்லாருக்கும் தெரியுது, சொல்றாங்க. உனக்குத் தெரியுதா?”

ஓட்டுநர் நேரே போய் வண்டியை எடுத்தார். ஓட்டத் தெரிந்ததைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். ஸ்டியரிங்கை விட்டால் தன் கைகளை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. கல்யாணப் புகைப்படத்திலேயே கைகளை வட்டமாகத்தான் வைத்திருப்பார்.

பிறகு ஒருநாள் வண்டியின் இடது பக்கம் பாலத்துச் சுவரில் நெடுக உரசியது. யாருக்கும் காயமில்லை. பணிமனை மேலாளர் அவரைப் பெரிய கண் மருத்துவமனைக்குப் போய்க் கருவியில் சோதித்துக்கொண்டு வரும்படி அனுப்பினார். அங்கே ஓரப்பார்வை சோதிக்கும் அறையில் ஒரு பெண் வேலை பார்த்தார். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பொத்தானைக் கொடுப்பதால் அவரைப் பொத்தான் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கருவி ஒரு பெரிய வெள்ளைச் சட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தியது போல இருக்கும். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் முட்டுக்கொடுத்து, அந்தச் சட்டிக்குள் பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டிவிட்டுப் பொத்தான் அக்கா விளக்கை அணைத்தார்.

“நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதாங்க? அதையே பாருங்க. ஓரத்துல எங்கயாவது சின்னதா வெளிச்சம் மின்னும். தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலைன்னா சும்மா இருங்க. தேடாதீங்க. தேடினா கண்ணு நகரும், கண்ணு நகர்ந்தா எல்லாம் கெட்டுடும்.”

அது பழைய கருவி. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் அதன் வயிற்றுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லக்கூடியவருக்கு அது போதாதா? டொக் என்றால் அமுக்கினார். டொக், அமுக்கு. டொக், அமுக்கு. எதிரே மஞ்சள் புள்ளியும் வலது பக்கமும் தெரிந்தன, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் கட்டைவிரலைக் கேட்டால் சட்டி முழுக்க நட்சத்திரம். முடிந்ததும் பொத்தான் அக்கா விளக்கைப் போட்டு, திரையைப் பார்த்து, அவரைப் பார்த்தார்.

“ஐயா, மிஷினு நடுநடுவுல வெளிச்சம் போடாம வெறும் சத்தம் மட்டும் போடும். ஆளைச் சோதிக்கறதுக்கு. அதுக்கும் அமுக்கியிருக்கீங்களே. இல்லாத வெளிச்சத்தையும் பாத்த ஆளு இந்த ரூமுக்கே நீங்கதான்.”

ஓட்டுநர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“பரவால்ல. போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. மறுபடி நிதானமா செய்வோம். பயப்படாதீங்க, இது பரீட்சை இல்ல.”

அவர் காபி குடித்தார். திரும்பிப் போகவில்லை. நேரே பணிமனைக்குப் போனார். போனியா என்று மேலாளர் கேட்டதற்கு, போனேன் என்றார். அது பொய்யில்லை. சட்டிக்குள்ள தலையை விட்டுட்டு வந்தாருங்க என்று கண்டக்டரும் சாட்சி சொன்னார். மேலாளருக்கு ஓட்டுநர்கள் பற்றாக்குறை. அவர் சட்டி என்ன சொல்லிற்று என்று கேட்கவில்லை. இந்த ஒரு காபியில்தான் எல்லாம் போயிற்று.

ஓட்டுநரின் மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறையில், அவருடைய நாற்காலிக்கு இடது பக்கம் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் இடது பக்கம், படுத்தாலும் இடது பக்கம். அவளைத் திரும்பிப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. வெறுப்பொன்றும் இல்லை, தேவைப்படவில்லை. தரை இருக்கிறதா என்று பார்த்தா ஒவ்வொரு அடியும் வைக்கிறோம்? மெஷின் ஓடும், அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கும், வாடிக்கையாளர்களின் தோள் அளவையும் குணத்தையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருப்பாள், இவர் ம் கொட்டுவார். ஒரு மாலை ஏதோ ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

“ஏங்க, ஊசியில நூல் கோக்கறேன். ஊசியும் தெரியல, கையும் தெரியல.”

ஓட்டுநர் திரும்பினார். மெஷின் இருந்த இடத்தில் தரை இருந்தது. பாதி தைத்த சட்டை ஒன்று மட்டும், அது வேறு வீட்டுச் சட்டை ஆகையால், காற்றில் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கடி இருக்க?”

“இங்கதான். எப்பவும் இருக்கற இடத்துல.”

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவள் குரல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும் வரைக்கும் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இப்ப திரும்பி என்ன பண்ண?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு குறித்துக்கொள்வது போலத்தான் சொன்னாள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் வந்து, காலியாகத் தெரிந்த முன்னறையில் கைகளை விரித்து நின்றார்கள். மார்பைச் சுற்றி நாடா இறுகுவது தெரிந்தது, துணியில் கோடுகள் தாமாக விழுந்தன, சொன்ன நாளில் துணி தயாராக இருந்தது. முன்பைவிட இப்போதுதான் நன்றாகத் தைக்கிறாள் என்றுகூட ஒரு பெண்மணி சொன்னாள். ஆனால் மறைவது ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. முதலில் போவது உருவம், பிறகு குரல், கடைசியில் தொடுகை. பார்க்க ஆளில்லாதவர்களுக்குப் பேச்சு குறையும், அவளுக்கும் குறைந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றிரண்டு சொல், பிறகு இருமல் மட்டும், பிறகு மெஷின் சத்தம் மட்டும். ஓட்டுநர் வேலையிலிருந்து வந்ததும் இடது கையை நீட்டுவார். அவள் விரல்கள் வந்து அவர் உள்ளங்கையில் படும். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் லேசாகப் பட்டன. ஒருநாள் அவர் கை நீட்டியபடி வெகுநேரம் இருந்தார். அன்றைக்கு வெட்டுவதற்காக விரித்த துணியில் கோடு பாதியில் நின்றிருந்தது. அந்தத் துணியின் சொந்தக்காரர் வந்து அதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். வேறு தையற்காரரிடம் கொடுக்க வேண்டும் அல்லவா? அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் ஓட்டுநர் பொத்தான் அக்காவின் அறைக்குப் போனார். காபி குடிக்க இவ்வளவு நேரமா என்று கேட்க வாயெடுத்த அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பேசாமல் பொத்தானைக் கையில் கொடுத்தார். இந்தத் தடவை ஓட்டுநர் தெரிந்தபோது மட்டும் அமுக்கினார். டொக், டொக், டொக் என்று கருவி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கட்டைவிரல் பெரும்பாலும் சும்மா இருந்தது. சும்மா இருந்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு என்னென்ன போனது என்று புரிந்தது. கண்ணாடி. குடை. கடிகாரம். அந்தக் கட்டிலின் பாதி.

மருத்துவமனையின் பெரிய டாக்டர், கருவி எடுத்த படத்தை விரித்துக் காட்டினார். இடது பக்கம் முழுக்கக் கரி பூசினாற்போல் இருந்தது, வலது பக்கத்தில் ஓரம் மட்டும் கருகத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய் என்றார். “வலிக்காது, சிவக்காது, ஓரத்துல இருந்து நடுவுக்கு மெதுவா வரும். வந்த பிறகுதான் ஆளுக்கே தெரியும். போனது போனதுதான். இருக்கறதை மருந்து விட்டுக் காப்பாத்திப் பாக்கலாம்.”

“முதல்ல வந்தப்பவே மருந்து விட்டிருந்தா?”

டாக்டர் படத்தை மடித்தார். பிறகு, “இவ்வளவு போயிருக்காது” என்றார்.

இதை வீட்டில் மகளிடம் சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. எப்போதும் அவருக்கு வலது பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து படிப்பாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“மிஷினை ஏமாத்தினதா நெனச்சியாப்பா? அது ஒரு இரும்புச் சட்டி. அதுக்கென்ன நஷ்டம்? நீ அம்மாவைத்தான் ஏமாத்தின.”

பிறகு எழுந்து வந்து அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் மருந்து விட்டாள். அன்றிலிருந்து இரு வேளையும் அவள்தான் விட்டாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

வண்டி ஓட்டும் வேலை போயிற்று. எல்லா வழித்தடமும் அவருக்கு அத்துப்படி என்பதால், பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். கம்பி அடித்த சிறிய சதுர ஜன்னல். கேட்கிறவர்கள் நேர் எதிரே வந்து நிற்பார்கள், கேட்பார்கள், போய்விடுவார்கள். அவருக்கு மிச்சமிருந்த பார்வையின் அளவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது அந்த ஜன்னல். வருடங்கள் போயின. மருந்து தன்னால் ஆனதைச் செய்தது. வலது பக்கத்தை ரொம்ப நாள் பிடித்து நிறுத்தியது. மகள் படித்து முடித்தாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பின் அவர் நாற்காலியில் கண் அயர்ந்து விழித்தபோது, வலது பக்கம் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்த மகள் சத்தம் போடாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையின் சுண்டு விரல் இல்லை.

அன்றிலிருந்து அவர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். சமையலறைக்குப் போனால் கூடவே போனார். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார். கதவைச் சாத்தினால் தட்டினார். பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தூரத்து நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர் எங்கே வைத்திருப்பார்? ஓரக்கண்ணில்தானே வைத்திருப்பார்? வேலைக்குப் போகும்போதும், பல் தேய்க்கும்போதும், கனவிலும், அந்த ஓரத்தில்தானே அவள் நிற்பாள்?

அவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கண்டக்டர் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார்.

“இத்தனை வருஷம் உன் இடது பக்கமே நின்னாரே மாமா, அவர் ஏம்ப்பா போகல?”

“அவனையா? அவனை நம்பி நான் எப்ப இருந்தேன்? விசிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்கறவன். நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்.”

“அதான் பொழச்சேன்” என்றார் கண்டக்டர். “கடைசி வரைக்கும் என்னை நம்பாதே அண்ணே. கும்புட்டுக் கேட்டுக்கறேன்.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது மகளுக்கு விஷயம் விளங்கியிருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்நியர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

அதைச் சொல்லி, நாமும் அந்நியர்களாகிவிடலாம் என்றாள் அவள். ஓட்டுநர் முதலில் முடியாது என்றார். பிறகு அவள் சுண்டு விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மறுநாள் காலை அவள், “வணக்கம்ங்க” என்றாள். “வணக்கம்டி” என்றார் அவர். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்பாவை ‘நீ’ என்றே கூப்பிட்டு வந்தவள் ‘நீங்க’ என்றாள், ‘அப்பா’வை நிறுத்தினாள். அவர் ‘வாடி’யை ‘வாங்க’ ஆக்கினார். அவள் மாடி அறைக்குக் குடிபோனாள். கீழே வர வேண்டுமானால் கதவைத் தட்டினாள். யாரு என்று அவர் கேட்பார். மாடியில குடியிருக்கறவங்க என்பாள். என்ன வேணும் என்பார். கொஞ்சம் உப்பு என்பாள். அவர் எழுந்து உப்பைக் கொண்டுவந்து கொடுத்துக் கதவைச் சாத்துவார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு அந்தப் பழக்கத்தையும் விட்டார்கள். மருந்து விடத் தாமாகவே கற்றுக்கொண்டார்; பாதி கன்னத்தில் வழிந்தது.

நடிப்பு உதவாது என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை நடித்துத்தான் வீடு பாதியானது. ஆகவே உள்ளுக்குள்ளேயே வேலை செய்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரில் ஒரு புள்ளியை நேராகப் பார்ப்பார். ஓரத்தில் ஞாபகங்கள் மின்னும். முதல் பல் விழுந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதது. காய்ச்சலில் அவர் தோளில் தூங்கியது. சாலை தாண்டும்போது அவள் சுண்டு விரலை மட்டும் அவர் பிடித்துக்கொள்வது. முழுக் கையையும் பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. எல்லாம் தெரியும். எல்லாம் பளிச்சென்று தெரியும். கட்டைவிரல் துடிக்கும். அமுக்க மாட்டார். தெரியாதபோது அமுக்கிய மனிதர், இப்போது தெரிந்தும் அமுக்காமல் இருக்கப் படித்தார். அமுக்காத வெளிச்சம் ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் மின்னிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த இடத்துக்கு வருவதை விட்டுவிட்டது. நாற்காலியின் இடது பக்கத்தில் மட்டும் அவர் எதையும் அணைக்க முயலவில்லை. அங்கே அணைக்க எதுவும் மிச்சமில்லை.

அவள் புறப்பட வேண்டிய வாரம் இருவரும் தனித்தனியாகப் பொத்தான் அக்காவின் அறைக்குப் போனார்கள். அக்காவுக்கு விஷயம் முழுக்கத் தெரியும். அன்றைக்குக் கருவியைப் போடவில்லை. பணிமனை டாக்டர் செய்தது போல ஓட்டுநருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். மகளை அவருடைய வலது பக்கம், பார்வை போய்விட்ட இடத்தில் நிற்க வைத்தார்.

“என் மூக்கையே பாருங்க. தேடாதீங்க. ஓரத்துல யாராவது தெரியறாங்களா?”

“இல்லைங்க.”

“யாரோ நிக்கறாங்கன்னு மனசுல படுதா?”

ஓட்டுநர் நேராகப் பார்த்தபடியே யோசித்தார். “யாராச்சும் நிப்பாங்க. ஆஸ்பத்திரில ஆளா இல்ல?”

பொத்தான் அக்கா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை, முன்னால் கோத்த கைகள் வரை, முழுசாக நின்றாள். போயிருந்த அந்தச் சுண்டு விரலைத் தவிர ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. நெடுநேரம் நிற்க வைத்துப் பார்த்தும் குறையவில்லை. பாஸ் என்று சொல்லிவிட்டுப் பொத்தான் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆயிரம் பேருக்கு, பார்வை போயிற்று என்று சொன்னவர் அவர். அன்றைக்குத்தான் அழுதார்.

அவள் ஊருக்குப் போனாள். வழியனுப்ப யாரும் போகவில்லை. அங்கே வேலையில் நன்றாக இருந்தாள் என்றும், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள் என்றும் கேள்வி. கல்யாணம் ஆயிற்று என்றும் கேள்வி. ஓட்டுநருக்குப் பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கி, கடைசியில் ஒரு டிக்கெட் அகலத்துக்கு நின்றது. விசாரணை ஜன்னல் போதுமானதாக இருந்தது. மாடி அறையை ஒரு கணக்காசிரியருக்கு வாடகைக்கு விட்டார். அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டதற்கு, யாரோ ஒரு பெண், உப்பு கேட்டு வரும், நல்ல பெண் என்றார்.

ஒரு பகல் பொழுதில், தலையில் நரை விழத் தொடங்கிய ஒரு பெண் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தாள். போன பிறகு சொந்த ஊருக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. பெரிய கண் மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து என்று கேட்டாள். கண்ணில் அழுத்தம் இருக்கிறதா என்று தனக்கும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், இது குடும்பத்தில் வருகிற நோயாம் என்றாள். அவர் பேருந்து எண்ணைச் சொன்னார். அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் அமுக்குங்கள், தெரியாவிட்டால் சும்மா இருங்கள் என்றும் சொன்னார். அவள் சரி என்றாள். போகாமல் நின்றாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அவள் இடது கை அவருடைய டிக்கெட் அகலப் பார்வைக்குள் இருந்தது.

“விரலுக்கு என்னம்மா ஆச்சு?”

“ரோடு தாண்டறப்ப எங்கப்பா இந்த விரலைத்தாங்க பிடிச்சுக்குவாரு. அவர்கிட்டயே இருந்துடுச்சு.”

பலகைக்குக் கீழே ஓட்டுநரின் கட்டைவிரல் மெல்ல எழுந்தது. அப்படியே நின்றது. அவர் நேர் எதிரே, கம்பிக்கு நடுவில், ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேடவில்லை. அமுக்கவில்லை. விரல் பழையபடி மடங்கி உட்கார்ந்துகொண்டது.

“யாரு பெத்த புள்ளையோ” என்றார். “நல்லாயிருங்கம்மா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நல்ல வெயிலில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, பேருந்து நிலையத்தைக் கடந்து போனாள். வரிசையில் அடுத்து நின்றவர் வடக்கே போகும் வண்டி எப்போது என்று கேட்டார். அவர் சொன்னார்.